ராயப்பனைத் தேடி நாலு தடவை மலை இறங்கிய கதை

எங்கள் குடும்பத்தில் எல்லார் பெயருக்கும் பின்னால் ராயப்பன் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வம்பு. என் பாஸ்போர்ட்டில் ஆர்-ஏ-ஒய், அண்ணனுடையதில் ஆர்-ஓ-ஒய். சித்தப்பாவின் ஆதாரிலோ கடைசியில் ஏ-என் வர வேண்டிய இடத்தில் ஈ-என். அதைத் திருத்தச் சொல்லி மூன்று வருஷமாக நச்சரிக்கிறோம், அவர் அசையவில்லை.

கொடைக்கானலுக்கு முதலில் ஏறி வந்த ராயப்பன் எந்த ஊர்க்காரர் என்று போன மழைக்காலத்தில் தேட ஆரம்பித்தேன். மோட்டார் ரோடு வராத காலத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பிலிருந்து துரைமார் சாமான்களைச் சுமந்து ஏறியவர் என்பது வீட்டுக் கதை.

கொடையில் வேலை ஒரே காலையில் முடிந்தது. அந்த ராயப்பனின் மகன், என் பூட்டன் அந்தோணியின் கோவில் கல்யாணப் பதிவில், அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின், அதாவது கோவில் வட்டாரத்தின், பெயர்கூட இருந்தது. அது மலைக்குக் கீழே, வத்தலகுண்டு தாண்டி. கொண்டை ஊசி வளைவில் எனக்கு வாந்தி வரும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை போனது சனிக்கிழமை. கோவிலில் கல்யாணம், அலுவலகம் பூட்டு. இரண்டாம் தடவை, "உங்க பங்குச்சாமியார் கடிதம் எங்கே?" என்றார் எழுத்தர். முந்தின நாள் போனில் கேட்டபோது இதைச் சொல்லியிருந்தால் என்ன? கடிதம் இல்லாமல் பழைய ஞானஸ்நான ஏட்டைக் கண்ணில்கூடக் காட்ட மாட்டார்கள், வாங்கிக்கொண்டு போங்கள். இடையில் பழைய பத்திர நகலுக்காகத் திண்டுக்கல் போய் வெறுங்கையோடு திரும்பியது தனி அலைச்சல். 1985 வரை கொடைக்கானல் மதுரை மாவட்டம் என்பது எனக்கு உறைக்கவில்லை.

மூன்றாம் தடவை ஏடு வந்தது. எழுத்தரே புரட்டினார், நான் தொடக்கூடாதாம். ஏட்டுக்குப் பின்னால் உள்ள அட்டவணை குழந்தையின் பெயர் வரிசைப்படிதான் இருக்கும், அப்பா பெயரை வைத்துத் தேட முடியாது. அந்தோணி மட்டும் பத்துப் பேர். ஒருவனுக்கும் அப்பா ராயப்பன் இல்லை. "இல்லைங்க" என்று ஏட்டை மூடிவிட்டார்.

ஊரில், கோவிலில் வேதபாடம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவரிடம் புலம்பினேன். அவர் சிரித்துவிட்டார். "தம்பி, ராயப்பர்னா யாரு? பேதுரு. லத்தீன்ல எழுதுற சாமி ராயப்பன்னு எதுக்கு எழுதப்போறாரு?" ஜூன் 29 வந்தால் இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்குப் பிரியாணி போடுகிற வீடு எங்களுடையது. இது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை!

நாலாம் தடவை அதே பத்து அந்தோணிகள். பழுப்பேறிய மையில், அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெத்ரி' என்று ஒருவன். பெத்ருஸின் மகன் என்பதற்கு லத்தீனில் அப்படி எழுதுவார்களாம். மூன்றாம் தடவை என் கண்ணே அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறது. அம்மா பெயர் அன்னா. ஆனால் இவர்தான் நம்மவர் என்பதற்கு என்ன சாட்சி? பூட்டனுக்கு லூசியா என்று ஒரு தங்கை உண்டென்று பாட்டி சொல்லியிருந்ததால், அந்தப் பெயரையும் பார்க்கச் சொன்னேன். இரண்டு வருஷம் கழித்து லூசியா இருந்தாள். அதே ஊர், அதே அன்னா, ஞானஸ்நானத்தில் குழந்தைக்குப் பொறுப்பேற்கிற ஞானத்தந்தையும் அதே ஆள். எழுதியது மட்டும் வேறு சாமியார். அவர் மொழிபெயர்க்காமல் காதில் விழுந்தபடியே ராயப்பன் என்று எழுதியிருந்தார்.

நீங்கள் தேடப்போகிறீர்கள் என்றால், சின்னப்பனைப் பவுலுஸ் என்றும், அருளப்பனை யோவான்னஸ் என்றும், முடியப்பனை ஸ்தேபானுஸ் என்றும் பாருங்கள். அன்றைய மதுரை மிஷனில் பிரெஞ்சு சேசு சபைச் சாமியார்கள் நிறைய. அவர்கள் கையில் முத்து என்ற பெயர் எம்-ஓ-யூ என்று தொடங்கும். தமிழ் ஏடாக இருந்தால் ராயப்பன் 'இ' வரிசையில் இராயப்பனாக உட்கார்ந்திருப்பார். படம் எடுக்க விட்டால் ஒரு வரியை மட்டும் எடுக்காதீர்கள், முழுப் பக்கத்தையும் எடுங்கள். ஞானத்தாய், ஞானத்தந்தை பெயர் பிறகு கைகொடுக்கும்.

லூசியாவின் பதிவில் ராயப்பன் எப்படி முடிகிறது தெரியுமா? ஈ-என். பஸ் ஸ்டாண்டிலிருந்தே சித்தப்பாவுக்குப் போன் போட்டேன்.

"அப்போ நீங்கதான் பாஸ்போர்ட்டைத் திருத்தணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.