வங்கி தருவதாகச் சொன்னதும் நாங்கள் கேட்டதும்

வீட்டுக் கடன் எவ்வளவு கிடைக்கும் என்று விசாரிக்கப் போனோம். சம்பளச் சீட்டுகளைப் பார்த்துவிட்டு வங்கி அதிகாரி சொன்ன தொகை, நாங்கள் எதிர்பார்த்ததைவிடப் பெரியது. கணவரின் முகம் மலர்ந்தது. எனக்கோ வயிற்றில் புளியைக் கரைத்தது. கொடுத்த பணம் திரும்பி வருமா என்பது வங்கியின் கவலை. அதைக் கட்டிக்கொண்டே நாங்கள் எப்படிக் குடித்தனம் நடத்துவோம் என்று வேறு யார் கணக்குப் போடுவார்கள்?

தவணை அட்டவணையை அச்சிட்டுத் தரும்படி கேட்டு வாங்கினேன். 20 ஆண்டுக் கடன், 9 சதவீத வட்டி. லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ 900. முதல் மாதம் அதில் 750 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது வெறும் 150. அசலுக்குப் போகும் பங்கு வட்டியை முந்துவது 13ஆம் ஆண்டில்தான். கடைசித் தவணையையும் கட்டி முடிக்கும்போது லட்சத்துக்கு 2,15,000க்கு மேல் கொடுத்திருப்போம். வாடகை கொடுப்பது வீண் என்று ஓயாமல் சொல்பவர்கள் இந்த வட்டியைப் பற்றி ஏன் வாயே திறப்பதில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வட்டி மாறக்கூடிய கடன் என்பதால் இன்னொன்றையும் கேட்டேன். தொடக்கத்திலேயே வட்டி 10 சதவீதமாகி, தவணையை உயர்த்தாமல் விட்டால் என்ன ஆகும்? கடன் 26 ஆண்டுகளுக்கு மேல் இழுக்கும் என்றது கணக்கு. எங்கள் வயதோடு அதைக் கூட்டிப் பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும் தவணை துரத்திக்கொண்டு வந்தது.

அதனால் வீடு வாங்குவதற்கு முன்பே தவணையைக் கட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தோம். வரப்போகும் தவணை, பராமரிப்புச் செலவு, சொத்து வரி, காப்பீடு எல்லாவற்றையும் கூட்டி, அதில் அப்போது கொடுத்துவந்த வாடகையைக் கழித்தோம். மீதித் தொகையைச் சம்பளம் வந்த அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுவோம். தொடக்கத்தில் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி ஓட்டிவிட்டோம். பிறகு பள்ளிக் கட்டணமும் காப்பீட்டு பிரீமியமும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. தனிக் கணக்கிலிருந்து கொஞ்சம் எடுத்தால்தான் சமாளிக்க முடியும் என்றாகிவிட்டது. எடுத்தோம். வங்கிக்குக் கட்டிய தவணையை அப்படித் திரும்ப எடுக்க முடியாதே! ஆகவே தொகையைக் குறைத்தோம். அடுத்த பள்ளிக் கட்டணம் வந்தபோதும் அந்தக் கணக்கில் கை வைக்காமல் இருக்க முடிந்தது. எங்களால் தாங்கக்கூடிய தவணை அதுதான். சேர்ந்த பணம் முன்பணத்துக்கு ஆயிற்று.

கையிருப்பு விஷயத்தில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். சேமிப்பு முழுவதையும் முன்பணமாகக் கொடுத்தால் வட்டி குறையுமே என்றார் கணவர். அவர் சொன்னது சரிதான். ஆனால் இருவரில் ஒருவருக்கு வேலை போனால் வீட்டின் சுவரைச் சுரண்டியா சாப்பிடுவது? தவணையையும் சேர்த்து ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடக் கூடாது என்று பிடிவாதமாக நின்றேன். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், குடிபோகும் செலவு ஆகியவற்றையும் கழித்துப் பார்த்தால் முன்பணத்துக்குத் துண்டு விழுந்தது. அது சேரும்வரை காத்திருக்க அவரும் ஒத்துக்கொண்டார், அரை மனதோடு.

மறுபடியும் வங்கிக்குப் போய், அவர்கள் தருவதாகச் சொன்னதில் முக்கால் பங்கு போதும் என்றோம். தகுதி இருந்தும் ஏன் குறைத்துக் கேட்கிறீர்கள் என்று அதிகாரி வியந்தார். அந்தத் தொகைக்கு ஓர் அறை குறைவான வீடுதான் அமையும். பிள்ளைகள் இருவரும் ஒரே அறையில் இருந்துகொள்வார்கள் என்று சொன்னோம். கெடுவுக்கு முன்பே கடனை அடைத்தால் அபராதம் உண்டா என்பதை மட்டும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டோம்.