செம்பரம்பாக்கமும் சிங்கப்பூரும்

திங்கள், 9 டிசம்பர் 2024

எங்கள் வீட்டில் செய்தித்தாளைப் பின்பக்கத்திலிருந்து படிப்பவர் என் கணவர், ஏரி நிலவரத்திலிருந்து படிப்பவர் மாமா. பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்றவர். செம்பரம்பாக்கம் என்று யாராவது வாயெடுத்தால் போதும், "முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி" என்று வாய்ப்பாடு போல ஒப்பித்துவிடுவார். மணப்பாக்கத்தில், அடையாற்றிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு வாங்கிக்கொண்டு 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இது பொழுதுபோக்கு அல்ல. என்றாலும் இட்லியை வாயில் வைக்கும்போது கன அடிக் கணக்கு தேவையா என்று எனக்கு ஒரு கேள்வி உண்டு. கேட்டதில்லை.

கணவருக்கு நேற்று ஞாயிற்றுக்கிழமை கலவையாகப் போனது. அடிலெய்டில் பகலிரவு டெஸ்ட் மூன்றாம் நாளே முடிந்து, இந்தியா பத்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. அந்த வயிற்றெரிச்சலுக்கு மருந்தாக, சிங்கப்பூரில் நடக்கும் உலகச் சதுரங்கச் சாம்பியன் போட்டியில் நம் குகேஷ் பதினோராவது ஆட்டத்தை வென்று 6–5 என்று முன்னிலை பெற்றார். "இனி முடிந்த மாதிரிதான்" என்று கணவர் நேற்று இரவே தீர்ப்பு எழுதிவிட்டார். இவர் எதையாவது முடிந்தது என்று சொன்னால் அது அப்போதுதான் தொடங்கும். இன்று நடப்புச் சாம்பியனான சீனாவின் டிங் லிரென் பிரமாதமாக ஆடி வென்றார். 6–6. டிங் ஆடிய அழகைப் பார்த்த பிறகு, எதிராளி என்று கோபப்படக்கூட மனம் வரவில்லை.

மாலைச் செய்தியில் ரிசர்வ் வங்கிக்குப் புதிய ஆளுநர், சஞ்சய் மல்ஹோத்ரா. "இவராவது வட்டியைக் குறைப்பாரா?" என்று கணவர் தொலைக்காட்சியைப் பார்த்துக் கேட்டார். போன வெள்ளிக்கிழமைதான் ரெப்போ விகிதத்தை 6.5 சதவீதத்திலேயே நிறுத்தி வைத்தார்கள். வீட்டுக் கடனின் மாதத் தவணை அசையாமல் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

செவ்வாய், 10 டிசம்பர்

சிராஜுக்கு ஆட்டச் சம்பளத்தில் 20 சதவீதம் அபராதம். டிராவிஸ் ஹெட்டை ஆட்டமிழக்கச் செய்துவிட்டு வெளியே போகச் சொல்லிக் கை காட்டியதற்காக. ஹெட்டும் பதிலுக்குப் பேசினார், ஆனால் அவருக்கு ஒரு தகுதியிழப்புப் புள்ளியோடு சரி, பணம் போகவில்லை. 140 ரன்னும் அடித்துவிட்டுப் பணமும் பத்திரம்.

இதைப் படித்த கையோடு கணவர் வீட்டிலும் அதே சட்டத்தைக் கொண்டுவந்தார். மகளும் மகனும் தொலைக்காட்சி ரிமோட்டுக்காகப் போட்ட சண்டையில் மகனின் கைச்செலவுக் காசில் 20 சதவீதம் பிடித்தம். மகளுக்கு எச்சரிக்கை மட்டும். "அவள் என்ன, 140 அடித்தாளா?" என்று பையன் கேட்டான். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு நியாய உணர்ச்சி சற்று அதிகம். அத்தை தன் சுருக்குப்பையைத் திறந்து பிடித்தம் செய்த தொகையைப் பேரனுக்கு ரகசியமாகத் திருப்பிக் கொடுத்தார். ரகசியம் என்பது அவர் நினைப்பு. கூடத்தில் இருந்த எல்லோரும் பார்த்தோம்.

மதுரை அரிட்டாபட்டிப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் கூடாது என்று நேற்று சட்டப்பேரவையில் தீர்மானம் நிறைவேறியிருக்கிறது. 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசே அறிவித்த ஊர் அது. சமணர் படுகையும் குடைவரைக் கோயிலும் இருக்கிற மலையடிவாரத்தில் போய்ச் சுரங்கம் தோண்ட யாருக்குத் தோன்றும் என்று மாமா கேட்டார். தோன்றியிருக்கிறதே.

சதுரங்கத்துக்கு இன்று ஓய்வு நாள். எங்கள் வீட்டில் ஓய்வு இல்லை. அலமாரியின் அடியிலிருந்து பழைய சதுரங்கப் பலகை வெளியே வந்தது. கறுப்பில் ஒரு யானையைக் காணவில்லை. பதிலுக்கு அத்தையின் அமிர்தாஞ்சன் டப்பி நிற்கிறது. அதை நகர்த்தும்போதெல்லாம் பலகையில் தைல வாசம்.

புதன், 11 டிசம்பர்

பதின்மூன்றாவது ஆட்டம் டிரா. ஆறரைக்கு ஆறரை. பாரதி பிறந்த நாள் என்பதால் மகள் கல்லூரியில் கவிதை வாசிப்பாம், முண்டாசுக்காக என் நல்ல காட்டன் சேலை போயிருக்கிறது. திரும்பி வரும்போது எந்த நிறத்தில் இருக்கும் என்று பார்க்க வேண்டும்.

இரவு பத்து மணி வரை மகன் வானிலை அறிக்கை பார்த்தான். வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்றதும் அவன் முகத்தில் வந்த பக்தியை நான் எந்தக் கோயிலிலும் கண்டதில்லை. நாளை அவனுக்கு அரையாண்டுத் தேர்வு, கணக்கு.

வியாழன், 12 டிசம்பர்

விடுமுறை. மாவட்ட ஆட்சியர் நீடூழி வாழ்க என்று வாழ்த்தியபடி பையன் மறுபடியும் போர்வைக்குள் போய்விட்டான். எனக்கு அப்படி வாழ்த்த வழியில்லை, அலுவலகம் உண்டு. ஆனால் சாலையில் தண்ணீர் ஏறி பஸ் பாதியில் நின்றுவிட்டதால் அரை நாள் விடுப்பு எழுதித் தரச் சொல்லிவிட்டுத் திரும்பினேன். வாசலில் மாமா குடையோடு நின்றார். அடையாற்றைப் பார்த்துவிட்டு வருகிறாராம். "இன்னும் பயமில்லை" என்றார். அந்த 'இன்னும்' எனக்குப் பிடிக்கவில்லை.

இரண்டரை மணிக்குப் பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். டிங்குக்கு வெள்ளை. டிரா ஆனால் நாளை வேக ஆட்டங்களில் முடிவு. எங்கள் வீட்டில் சதுரங்கம் முறையாகத் தெரிந்தவன் பையன் ஒருவன்தான், அவனும் கோடை விடுமுறையில் கற்ற அளவுக்குத்தான். ஆனால் கருத்து சொல்லாதவர் யாரும் இல்லை. கணவர் வீட்டிலிருந்தே வேலை என்று சொல்லி மடிக்கணினியைத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு காய் நகர்த்தலையும் கிரிக்கெட் பாஷையில் விளக்கினார். "இப்போது தடுப்பாட்டம் ஆடுகிறான். பந்து பழசாகட்டும்."

அத்தையின் வழி தனி. காய்கள் எப்படி நகரும் என்பது அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. திரையின் ஓரத்தில் கணினி கணிப்பைக் காட்டும் கறுப்பு வெள்ளைப் பட்டை இருக்கிறது அல்லவா, அதை மட்டும் பார்ப்பார். வெள்ளை உயர்ந்தால் டிங்குக்கு நல்லது, கறுப்பு உயர்ந்தால் நம் பையனுக்கு. அடுப்பில் வைத்த பாலைப் பார்ப்பது போலக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டை மணிக்கணக்காக நடுவிலேயே நின்றது. குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், அவ்வளவுதான். ஆளுக்கொரு யானை, ஆளுக்கொரு மந்திரி. இது டிராதான் என்று வர்ணனையாளர்களும் சொல்லிவிட்டார்கள். நான் அடுப்படிக்குப் போய் வெங்காயம் நறுக்க உட்கார்ந்தேன். மகள் கைப்பேசிக்குள் போய்விட்டாள். கணவர் அலுவலக அழைப்பில், "ஆமாம் சார், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்" என்று உண்மையையே சொல்லிக்கொண்டிருந்தார்.

55ஆவது நகர்த்தல். டிங் யானையை எஃப் 2 கட்டத்துக்குக் கொண்டுவந்தார்.

"ஐயையோ, கறுப்பாகிவிட்டதே!" என்று அத்தை கத்தினார். நான் மின்சாரம் போய்விட்டது என்று நினைத்தேன். கூடத்துக்கு ஓடிவந்து பார்த்தால் பட்டை முழுக்கக் கறுப்பு. வர்ணனையாளர்கள் இருக்கையைவிட்டு எழாத குறை. உலகத்துக்கே சில விநாடிகள் கழித்துப் புரிந்த விஷயத்தை முதலில் கண்டுபிடித்தது மணப்பாக்கத்தில் ஒரு 72 வயதுப் பெண்மணி என்பதை வரலாறு குறித்துக்கொள்ளாது, ஆகவே நான் குறித்துவைக்கிறேன்.

பையன் பலகையை எடுத்துவந்து விளக்கினான். யானைகளை வெட்டிக்கொண்டால் டிரா எளிது என்பது டிங்கின் எண்ணம். ஆனால் அவருடைய மந்திரி அந்த நேரத்தில் மூலையில், ஏ 8 கட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. யானைகள் போனதும் குகேஷ் தன் மந்திரியை டி 5-இல் கொண்டுவந்து எதிரே நிறுத்தினால் அதுவும் வெட்டுப்பட்டே ஆக வேண்டும், விலக இடமில்லை. மிச்சம் இரண்டு ராஜா, நமக்கு இரண்டு சிப்பாய், அவர்களுக்கு ஒன்று. அதற்கு மேல் ஆட வேண்டியதே இல்லை. செய்து காட்டுகையில் அமிர்தாஞ்சன் டப்பி வெட்டப்பட்டு மேசைக்கு அடியில் உருண்டது. 58ஆவது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டு கை கொடுத்தார். ஏழரைக்கு ஆறரை.

பதினெட்டு வயதில் பதினெட்டாவது உலகச் சாம்பியன். 1985-இல் காஸ்பரோவ் வென்றபோது அவருக்கு 22 வயது. இந்தப் பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பலகையில் காய்களை எல்லாம் பழையபடி அடுக்கி வைத்தான். "பார், விளையாடி முடித்ததும் எடுத்து அடுக்குகிறான் பார்" என்று நான் மகனிடம் சொன்னேன். உலகச் சாம்பியனிடமிருந்து என் வீட்டுக்குக் கிடைத்த ஒரே பயன் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அதுவும் கிடைக்கவில்லை. இரவு சாப்பிடும்போது ஒரு வெள்ளைக் குதிரை ரசக் கிண்ணத்தருகே நின்றது.

வெள்ளி, 13 டிசம்பர்

செம்பரம்பாக்கத்தில் உபரி நீர் திறந்துவிட்டார்கள். முதலில் விநாடிக்கு 1,000 கன அடி, பிறகு கூட்டினார்கள். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, யாரோ தொலைபேசியில் ஆலோசனை கேட்கப்போவது போலத் தயாராக உட்கார்ந்திருந்தார். யாரும் கேட்கவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று கணவர் இரு சக்கர வாகனத்தை மேட்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு வந்தார்.

என் அம்மா பாளையங்கோட்டையிலிருந்து பேசினார். அங்கே தாமிரபரணியில் வெள்ளம். அம்மாவுக்குக் கன அடி எல்லாம் தேவையில்லை, குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு முழுகியிருக்கிறது என்பதே அளவு. "மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர். உங்கள் ஏரி எப்படி இருக்கிறது?" என்று கேட்டார், மாப்பிள்ளை வீட்டார் நலம் விசாரிக்கும் குரலில். தொலைபேசியை மாமாவிடம் கொடுத்தேன். சம்பந்திகள் இருவரும் இருபது நிமிடம் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். கல்யாணத்தின்போதுகூட இவ்வளவு பேசியதில்லை.

முதலமைச்சர் குகேஷுக்கு ஐந்து கோடி ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்ததும் வீட்டில் பேச்சின் திசை மாறியது. கணவர் மகனை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். பையன் உடனே கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டான்.

எதிர்வீட்டு அக்காவுக்கு நெல்லூர். ஆந்திர இனிப்பான பூதரேக்குலு டப்பாவோடு வந்து, "எங்கள் பையன் ஜெயித்துவிட்டான்" என்றார். ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு நம் தெலுங்குப் பையன் என்று வாழ்த்தியிருந்ததால் அக்காவுக்குக் கூடுதல் தெம்பு. அத்தைக்குப் பொறுக்கவில்லை. "பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் சென்னையில்" என்றார். "வீட்டில் பேசுவது தெலுங்குதானே?" என்றார் அக்கா. இருவரும் பூதரேக்குலுவைச் சாப்பிட்டபடியே விட்டுக்கொடுக்காமல் வாதாடினார்கள். "தமிழில் நன்றாகப் பேசுகிறானே, கேட்டீர்களா?" என்று அத்தை கடைசி அஸ்திரத்தை எடுக்க, "நானும்தான் நன்றாகப் பேசுகிறேன்" என்று அக்கா சொல்ல, அத்தைக்குப் பதில் இல்லை. பொரி உருண்டை நாலு கூடுதலாகப் போட்டுக் கொடுத்தனுப்பினார்.

இன்று கார்த்திகை தீபம். திருவண்ணாமலையில் இம்மாதத் தொடக்கத்தில் மண் சரிந்து ஏழு பேர் இறந்துபோன மலை அது. பக்தர்களை மேலே ஏற விடவில்லை. ஆறு மணிக்குத் தொலைக்காட்சியில் மகாதீபம் தெரிந்த பிறகுதான் எங்கள் வீட்டு அகல்களை ஏற்றினோம். ஈரக்காற்றில் வாசல் விளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, மகள் தீப்பெட்டியோடு சளைக்காமல் சுற்றிச் சுற்றி வந்தாள். சேலை திரும்பி வந்துவிட்டது. மஞ்சள் கறை ஒன்று, காரணம் கேட்கவில்லை.

சனி, 14 டிசம்பர்

பிரிஸ்பேனில் டெஸ்ட் என்று கணவர் அலாரம் வைத்து ஐந்தரைக்கு எழுந்தார். இந்தியா டாஸ் வென்று பந்து வீசியது. 13.2 ஓவர், ஆஸ்திரேலியா விக்கெட் இழப்பின்றி 28, பிறகு மழை. நம் ஊர் மழை பத்தாது என்று அங்கும் போய்விட்டது. மழை நிற்கும் என்று மூடி போட்ட ஆடுகளத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

காங்கிரஸின் ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் காலமானார். ஈரோடு கிழக்கில் மகன் திருமகன் ஈவெரா இறந்து நடந்த இடைத்தேர்தலில் வென்றவர். அரசியலில் அவர் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. மாமா நீண்ட நேரம் அவரைப் பற்றிப் பேசினார்.

ஞாயிறு, 15 டிசம்பர்

ஹெட் 152, ஸ்மித் 101, பும்ரா தனியாளாக ஐந்து விக்கெட். ஆஸ்திரேலியா ஏழு விக்கெட்டுக்கு 405. பும்ராவுக்கு இரண்டு முனையிலிருந்தும் வீச அனுமதி தர வேண்டும் என்று மகன் சொன்னான். விதியில் இடம் இருந்தால் நானும் கையெழுத்துப் போடுவேன்.

பக்கத்துத் தெரு சதுரங்கப் பயிற்சி வகுப்பில் இடம் இல்லையாம். காத்திருப்போர் பட்டியல் போட்டிருக்கிறார்கள், மாதக் கட்டணமும் ஏறியிருக்கிறது. கணவர் விசாரித்துவிட்டு வந்து, வட்டி குறைந்ததும் சேர்க்கலாம் என்றார். மழையில் தள்ளிப்போன கணக்குத் தேர்வுக்குத் தேதி வந்துவிட்டது என்று பள்ளியிலிருந்து குறுஞ்செய்தி. ஆட்சியரை வாழ்த்திய வாய் இப்போது வேறு ஏதோ முணுமுணுக்கிறது.

நாளை மார்கழி முதல் நாள். நாலரைக்குக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். மழையில் போன நேரத்தை ஈடுகட்ட ஆட்டமும் ஐந்து இருபதுக்கே தொடங்குகிறது. அந்த நேரத்தில் எப்படியும் எழுந்து உட்கார்ந்திருக்கப்போகிறவர் வாசலில் ஒரு கோலம் போட்டால் என்ன என்று அத்தை தன் மகனைப் பார்த்துக் கேட்டார். அவர் டிராவிஸ் ஹெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.