கல்லடி ஆற்றிலிருந்து ஸ்கூகொக் ஏரிக்கு: பாஸ் மீனும் பிளாஸ்டிக் புழுவும்

அப்பாவிடம் தூண்டில் தடி ஒருநாளும் இருந்ததில்லை. மரக்கட்டையில் சுற்றிய தங்கூசி நூல், ஒரு ஈயத்துண்டு, ஒரு முள், இரைக்கு இறால். அவ்வளவுதான். மட்டக்களப்புக் கல்லடியில் ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்று எறிவார். வாவி என்று எழுதுவோம், பேசும்போது எங்களுக்கு அது ஆறுதான். எறிந்த பிறகு தங்கூசியை ஆட்காட்டி விரலுக்கு மேலால் விட்டு, பெருவிரலால் மெல்ல அணைத்துப் பிடித்துக்கொள்வார். "கண்ணால பாக்காத மனே, விரலால பாரு" என்பார். எனக்கு அப்போது எட்டு வயது இருக்கும்.

2017 தை மாதம் கனடாவுக்கு வந்தேன். ஸ்காபரோவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட், இரவு வேலை, விடிந்தால் தூக்கம். முதல் குளிர்காலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எனக்கு அதில் பெரிதாகப் பட்டது ஒன்றுதான்: ஏரிகளெல்லாம் உறைந்து கிடந்தன. தண்ணீரைப் பார்க்காமல் நான் அவ்வளவு நாள் இருந்ததே இல்லை.

மே மாதம் அன்னையர் தின வார இறுதியில் ஒன்ராறியோவில் அனுமதிப்பத்திரம் இல்லாமலே மீன் பிடிக்கலாம் என்று வேலை இடத்தில் சொன்னார்கள். மலிவான தடி ஒன்றை வாங்கிக்கொண்டு ஸ்கூகொக் ஏரிக்கரையிலுள்ள போர்ட் பெரி வரை போனேன். கரையோரத்தில் ஒரு பெரிய மீன் அசையாமல் நின்றது. மண்புழுவைப் போட்டதும் பாய்ந்து கடித்தது. வாளிக்குள் விட்டுவிட்டு அம்மாவுக்குப் படம் அனுப்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளைக்கார முதியவர் வந்து, கோபப்படாமல், தண்ணீருக்குள் கையைக் காட்டினார். அடியில் வட்டமாக ஒரு பள்ளம் தெரிந்தது. அது கூடு. நான் பிடித்தது முட்டைக்குக் காவல் நின்ற ஆண் பாஸ். பத்திரம் வேண்டாம் என்பது உண்மை, ஆனால் பாஸ் பிடிக்கும் காலம் அந்தப் பக்கத்தில் ஜூன் மூன்றாம் சனிக்கிழமைதான் தொடங்கும். தகப்பன் மீன் விலகினால் சில நிமிடங்களிலேயே சின்ன மீன்கள் வந்து முட்டையைத் தின்றுவிடும் என்றார்.

நான் வெட்கப்பட்டுப் போனேன். சட்டம் தெரியாததற்காக அல்ல. ஊரில் உன்னிச்சைக் குளத்தில் சிவப்பாகக் கும்பலாய் நீந்தும் குஞ்சுகளோடு நிற்கிற விராலை அப்பா தொடவே விடமாட்டார். அந்த வழக்கம் எனக்குத் தெரியும். அதை விமானத்தில் ஏறும்போது ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். மீனைத் திருப்பி விட்டேன். அது நேராகக் கூட்டுக்குப் போய் நின்றதைப் பார்த்த பிறகுதான் அங்கிருந்து கிளம்பினேன்.

அப்புறம் பத்திரம் எடுத்தேன். அதில் இரண்டு வகை உண்டு: ஒன்றில் நாளுக்கு ஆறு பாஸ் வைத்துக்கொள்ளலாம், மலிவானதில் இரண்டு. எனக்கு இரண்டே தாராளம் என்று நினைத்தேன். அதற்கடுத்த இரண்டு கோடையிலும் ஒன்றுகூடப் பிடிபடவில்லை. கடையில் மினுங்குகிற தகடும் ஆடுகிற பிளாஸ்டிக் மீனும் வாங்கி, எறிந்து, வேகமாகச் சுற்றி, திரும்ப எறிந்துகொண்டிருந்தேன். கை வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாவது கோடையில் எங்கள் ஊர்ப் பக்கத்துக் களுவாஞ்சிகுடி அண்ணன் ஒருவரை அதே கரையில் சந்தித்தேன். அரை மணி நேரம் நான் எறிவதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தம்பி, சுத்திறத நிப்பாட்டு. அது தானா விழட்டும்" என்றார். தன் பெட்டியிலிருந்து ஐந்து அங்குலப் பிளாஸ்டிக் புழு ஒன்றை எடுத்தார். வாலும் இல்லை, காலும் இல்லை, பார்க்க ஒரு பேனைத் தண்டு போலிருந்தது. உப்புக் கலந்து செய்தது என்பதால் ஈயமே இல்லாமல் தாழும். நடுவில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தைப் போட்டு, அந்த வளையத்துக்குள் முள்ளைக் கோத்தார். வாக்கி ரிக் என்று அதற்குப் பெயர். வளையத்தில் கோத்தால் ஒரே புழுவைப் பல மீனுக்கு வைத்திருக்கலாம், நேராகக் குத்தினால் சீக்கிரம் கிழிந்துவிடும்.

அது தண்ணீரில் விழுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு முனையும் மெல்ல நடுங்கியபடி, ஓர் இலை போல, மிக மெதுவாகக் கீழே போகும். நாம் செய்ய வேண்டியது நூலைக் கொஞ்சம் தளர விட்டுப் பார்த்திருப்பதுதான். பெரும்பாலான கடி அந்த விழுகைக்குள்தான் வரும். பாஸ் எப்போதும் இழுத்துக் கடிப்பதில்லை. வாயைத் திறந்து தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். நூல் ஒரு பக்கமாக நகரும், அல்லது அடியைத் தொட வேண்டிய நேரத்துக்கு முன்பே நின்றுவிடும். அப்போது தளர்வைச் சுற்றி எடுத்து, தடியைச் சீராக இழுக்க வேண்டும். வெட்டி இழுத்தால் மெல்லிய நூல் அறுந்து போகும்.

கொடுவாவும் இப்படித்தானே உறிஞ்சும்! எங்கள் ஆற்றுக் கொடுவாவை ஆங்கிலத்தில் ஏஷியன் சீ பாஸ் என்கிறார்கள். இரண்டும் வேறு குடும்பம்தான், ஆனால் மறைவில் நின்று பதுங்கி எடுக்கிற குணம் ஒன்று.

அந்தக் கோடையில்தான் முறைப்படி முதல் பாஸைப் பிடித்தேன். பிறகு நிறையப் பிடித்தேன். ஆனால் என்னை ஊருக்குத் திருப்பிக் கொண்டுபோனது புழு அல்ல, ஜிக். ஃபினெஸ் ஜிக் என்பது முள்ளோடு வார்த்த சின்ன உலோகத் தலை. நான் பாவிப்பது கால் அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 7 கிராம். தலைக்குக் கீழே சிலிக்கன் இழைகளால் ஆன பாவாடை. அதை முள்ளின் வளைவுக்குச் சற்றுக் கீழே நறுக்கிவிட வேண்டும், அப்போதுதான் தண்ணீரில் விரிந்து நிற்கும். முள்ளுக்கு முன்னால் பாசியில் சிக்காமலிருக்க ஒரு தூரிகை இருக்கும். அதிலும் நாலைந்து இழையை வெட்டிவிடுவேன், இல்லாவிட்டால் மெல்லக் கடிக்கிற மீனுக்கு முள் ஏறாது. பின்னால் கொடுக்குள்ள ஒரு சின்னப் பிளாஸ்டிக். மொத்தத்தில் ஏரியின் அடியில் ஊர்கிற, சின்னச் சிங்கிறால் போன்ற கிரேஃபிஷ் மாதிரி இருக்கும். தெளிந்த தண்ணீருக்கு மண்ணிறமும் பச்சையும் கலந்தது, கலங்கலுக்குக் கறுப்பும் நீலமும்.

ஜிக்கை எறிந்து அடிவரை போகவிட்டு, தடியால் ஓரடி ஓரடியாக இழுக்க வேண்டும். இழுப்பதா, தூக்குவதா என்று கேட்டால் நான் இழுப்பதையே சொல்வேன். குளிர்காற்று வந்து போன மறுநாள், வானம் நீலமாகத் துடைத்து விட்டாற்போல இருக்கும். மீன்கள் ஓட்டமில்லாமல் பாசிக்குள் ஒடுங்கி நிற்கும். அன்றைக்கு வேகமாகப் போகிற எதையும் அவை துரத்தாது. அடியோடு அடியாக மூக்குக்கு முன்னால் நின்று நின்று ஊர்கிற சின்னப் பொருளை மட்டும் எடுக்கும்.

இந்த மீன்பிடிப்பில் கண்ணுக்கு வேலை குறைவு. நூல், தடி, விரல் மூன்றும்தான். பின்னல் நூலுக்கு நீளும் தன்மை இல்லை, அதனால் அடியில் நடப்பது அப்படியே கைக்கு வரும். அதன் முனையில் எட்டு இறாத்தல் தாங்கும் ஃபுளோரோகார்பன் நூல் சேர்த்திருப்பேன், தண்ணீரில் அது எளிதில் தெரியாது. முடிச்சை இறுக்குமுன் எச்சிலால் நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் உராயும் சூட்டில் நூல் பலவீனப்படும். அப்பாவும் தங்கூசி முடிச்சை வாயில் வைத்துத்தான் இறுக்குவார். சிறுவயதில் அது வெறும் பழக்கம் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் மாலை ஸ்கூகொக்கில் ஜிக்கை இழுத்துக்கொண்டிருந்தபோது, நூல் என்னையறியாமல் ஆட்காட்டி விரலுக்கு மேல் வந்திருந்தது. பெருவிரல் அதை அணைத்திருந்தது. மணலில் போகும்போது ஒன்றும் தெரியாது. சரளைக்கல்லில் டிக் டிக் என்று தட்டும். பாசியில் மெல்லக் கனத்து, பிறகு விடும். கடி என்பது ஒரே ஒரு தட்டு, அல்லது ஈரத்துணி தொங்கினாற்போல ஒரு பாரம். கல்லடிப் பாலத்துக்குக் கீழே பூரணை இரவுகளில் தோணியிலிருந்து துடுப்பைத் தண்ணீரில் இறக்கி, அதன் மறுமுனையில் காதை வைத்து மீன் பாடுவதைக் கேட்பார்களே, அது நினைவுக்கு வந்தது. யுத்தகாலத்தில் இரவில் ஆற்றில் இறங்க முடியாத வருடங்கள் எனக்கு நிறைய உண்டு. அந்தப் பாட்டை நான் ஒரே ஒரு தடவைதான் கேட்டிருக்கிறேன். மரத்துக்குள்ளால் வந்த அந்த மெல்லிய முனகல் இந்தத் தடிக்குள்ளாலும் வருவது போலிருந்தது. அன்றைக்குப் பிறகு ஸ்கூகொக் எனக்கு வேற்றூர் ஏரியாகத் தெரியவில்லை. 19ஆம் நூற்றாண்டில் லிண்ட்சேயில் ஓர் ஆலைக்காக அணை கட்டியதில் பெருகிய நீர் அது. நம்முடைய குளங்களைப் போல மனிதர் கட்டி நிறைத்த ஆழம் குறைந்த தண்ணீர்.

இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் விடமாட்டேன். கிழிந்த பிளாஸ்டிக் புழுவைத் தண்ணீரில் எறியாதீர்கள். அது உக்காது. மீன் விழுங்கினால் வயிற்றுக்குள் ஊதி அடைத்துக்கொள்ளும். நான் ஒரு பழைய யோகட் டப்பாவில் சேர்த்துக் கொண்டுபோகிறேன். மற்றது ஈயம். கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருக்கிற லூன் பறவை, இரையை அரைக்கக் கூழாங்கல் விழுங்கும், அதோடு நாம் தொலைத்த ஈயத்தையும் விழுங்கிச் சாகும். தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த ஈயத் தூண்டில் பொருட்களுக்குத் தடை. மற்ற ஏரிகளில் தடையில்லாவிட்டாலும் நான் டங்ஸ்டனுக்கு மாறிவிட்டேன். விலை கூடத்தான், ஆனால் அது ஈயத்தைவிடக் கடினம், அடியிலுள்ள கல்லை இன்னும் துலக்கமாகச் சொல்லும்.

இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு ஊருக்குப் போனபோது ஒரு பெட்டி ஜிக்கும் இரண்டு பக்கெட் புழுவும் கொண்டுபோனேன். அப்பாவால் இப்போது தண்ணீருக்குள் இறங்க முடியாது, கரையில் கதிரை போட்டு இருக்கிறார். புழுவை மணந்து பார்த்தார். நசித்துப் பார்த்தார். "இறால் இரிக்கக்குள்ள இது என்னத்துக்கு?" என்றார். நான் தடியைக் கொடுத்தேன், வேண்டாம் என்றார். ஜிக்கைத் தன் தங்கூசியில் தானே கட்டினார். வாயில் வைத்து நனைத்து, இறுக்கினார்.

கதிரையில் இருந்தபடியே எறிந்து, விரலுக்கு மேலால் விட்டு, இழுத்தார். நான் காட்டிக்கொடுக்கவே இல்லை. ஓரடி இழுத்து நிறுத்துகிறார்.

"மணல்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இது மட்டிக் கோது." மறுகா, "பாசி வந்திட்டு."

அன்றைக்கு மீன் ஒன்றும் படவில்லை. இருட்டும்வரை இருந்தோம். அம்மா புளியாணம் ஆறுகிறது என்று இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார். நான் சாமான்களை அடுக்கும்போது அப்பா ஜிக் பெட்டியைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"இத இஞ்ச வெச்சிட்டுப் போ மனே" என்றார். "புழு வேணாம். இது காணும்."