ட்ரம்ஸ்டிக் நாலு

அக்கா வீட்டில் கடைச் சாமான் பட்டியல் இப்போதெல்லாம் காகிதத்தில் கிடையாது. எல்லோர் போனிலும் ஒரே பட்டியல்தான், யார் வெளியே போகிறார்களோ அவர்கள் பார்த்து வாங்கிவர வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை அதில் அக்கா ஆங்கிலத்தில் 'ட்ரம்ஸ்டிக் 4' என்று போட்டிருந்தாள். போட்டவள் மனதில் இருந்தது சாம்பார்.

கடையிலிருந்து மாமா கூப்பிட்டார். அக்கா கையெல்லாம் மாவு, ஸ்பீக்கரில் போட்டாள், அதனால் எனக்கும் கேட்கிற பாக்கியம் கிடைத்தது.

"ட்ரம்ஸ்டிக் நாலு போதுமா? உன் தங்கச்சியும் வந்திருக்காளே."

"நாலு தாராளம். முத்தலா இல்லாம இளசா பாத்து வாங்குங்க."

"தோலோடவா, தோலை எடுத்துட்டா?"

"தோலை எடுத்தா அப்புறம் அதுல என்னங்க இருக்கு?"

"அதுவும் சரிதான். வெட்டித் தரச் சொல்லவா?"

"வேண்டாம், நான் வெட்டிக்கிறேன். வாங்குறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணா முறுக்கிப் பாருங்க, அப்பதான் இளசா முத்தலான்னு தெரியும்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"முறுக்கணுமா?"

"லேசா முறுக்கினா போதும்."

அப்புறம் தணிந்த குரலில் "அண்ணே, வீட்டுல ஒண்ணு சொல்றாங்க, தப்பா நினைக்காதீங்க..." என்று மாமா யாரிடமோ ஆரம்பித்ததும் லைன் கட்டாகிவிட்டது.

வந்து சேர்ந்தது கோழிக்கால். மாமாவைக் குறை சொல்ல முடியாது, கறிக்கடையில் ட்ரம்ஸ்டிக் என்றால் கோழியின் முட்டிக்குக் கீழே இருக்கிற துண்டு, அதற்கு மேலே இருப்பது தொடை. முறுக்கிப் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, கடைக்காரர் தொடவே விடவில்லை என்றார். சாம்பாரில் கத்தரிக்காய் விழுந்தது.

கொஞ்ச நேரத்தில் அக்கா மகன் ஒரு நீளப் பையோடு வந்தான். கல்லூரியில் ட்ரம்ஸ் வாசிக்கிறவன். பையில் ஹிக்கரி மரத்தில் செய்த, 5ஏ என்கிற அளவு ட்ரம்ஸ் குச்சிகள், இரண்டு ஜோடி. "நீதானம்மா நாலுன்னு போட்டிருந்த" என்று ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. முந்தின வாரம்தான் பழைய குச்சி உடைந்துபோய், புதிது கேட்டு, அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான்.

குச்சிகளை அடுப்பு மேடையில் வைத்துப் பார்த்தால், முருங்கைக்காய்க்கு ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்பது நன்றாகவே தெரிகிறது, அதே நீளம், ஏறக்குறைய அதே பருமன். ஆனால் தாவரவியல்காரர்கள் மரியாதை தெரிந்தவர்கள், நம் முருங்கையையே எடுத்து மொரிங்கா என்று வைத்துக்கொண்டார்கள். உலகமே இன்று மொரிங்கா பொடி என்று டப்பாவில் அடைத்து விற்கிறது, முருங்கைக்குச் சொந்தக்காரர்களான நாம் ட்ரம்ஸ்டிக் என்று எழுதிவிட்டுக் கோழிக்கால் தின்றுகொண்டிருக்கிறோம்.

தின்றுகொண்டிருந்தபோதுதான் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம் படிக்கிற அக்கா மகள் வாயைத் திறந்தாள். டெட்டனஸ் கிருமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு முனையில் மட்டும் உருண்டையாக வீங்கி ட்ரம்ஸ்டிக் மாதிரியே இருக்குமாம், பரீட்சையில் அந்தச் சொல்லை எழுதினால்தான் மார்க்காம். மாமா கையில் இருந்ததைத் தட்டில் வைத்துவிட்டார்.

"சாப்பிடும்போது இதெல்லாம் எதுக்குடி" என்று அக்கா அதட்டினாள். மகள் விடுகிற மாதிரி இல்லை. "நல்ல ட்ரம்ஸ்டிக்கும் இருக்கும்மா. 1954ல கண்டுபிடிச்சாங்க. பொம்பளைங்க ரத்தத்துல வெள்ளையணு இருக்குல்ல, அதுல நூத்துக்குச் சிலதுல, உட்கருவிலிருந்து குட்டியா ஒண்ணு காம்பு வச்சு நீட்டிக்கிட்டு இருக்கும். அதுக்கும் ட்ரம்ஸ்டிக்னுதான் பேரு. எக்ஸ் குரோமோசோம் ரெண்டு இருக்கறதால வர்றது, ஆம்பளைங்களுக்குப் பொதுவா இருக்காது."

அக்கா குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றாள். "அப்போ அது எனக்குள்ளயே இருந்திருக்கு. இது தெரியாம இந்த ரெண்டு பேரையும் நம்பிக் கடைக்கு அனுப்பினேன் பாரு."