மீன் கேட்ட அடைக்கலம்

செப்டெம்பர் 7
கடல் மாசு பற்றிப் பிள்ளைகளோடு போடும் எங்கள் கூத்திலிருந்து பாற்கடல் கடையும் காட்சியை இன்று முழுதாக வெட்டிவிட்டேன். வாசுகியாக நெளிந்து பழகிய பிள்ளைகளுக்குக் கடுங்கோபம். கடல் மாசு என்றதும் எல்லோருக்கும் ஆலகாலம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கதையில் நஞ்சைச் சிவன் வாங்கி விழுங்கிவிடுகிறார். தேவரும் அசுரரும் மறுபடி கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். 2017இல் இலங்கையில் தடைசெய்த லஞ்ச் சீற்றை, அந்தச் சோறு சுற்றும் பொலித்தீன் தாளை, இன்னமும் கடற்கரையில் வீசிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு இதைவிட ஆறுதலான புராணம் கிடைக்காது.

செப்டெம்பர் 10
வெட்டிய காட்சிக்குப் பதில் மச்சாவதாரம்தான். மனுவின் கைநீரில் வந்த குஞ்சு மீன், பெரிய மீன்கள் தின்றுவிடும், காப்பாற்று என்று முதலில் அடைக்கலம் கேட்கிறது. ஊழி வெள்ளத்தில் அவன் ஓடத்தை இழுத்துப்போவதெல்லாம் பிறகு. மனிதனிடம் கடவுள் கையேந்தும் இந்த இடம்தான் எனக்கு வேண்டும்.

யாழ்ப்பாணத்து வடமராட்சியில் மீன் வடிவத் திருமாலை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. துள்ளி வந்த மீன் சக்கரமான கதையை ஆச்சிமார் சொல்லியே வளர்ந்தோம். வல்லிபுர ஆழ்வார் கோயில் மூலஸ்தானத்தில் இருப்பதும் சக்கரமே. புரட்டாதியில் கடல் தீர்த்தத்துக்குக் கரை கொள்ளாத சனம் வரும். மறுநாள் அந்த மணல் கிடக்கும் கோலத்தைக் கூத்தில் கதை சொல்லும் கட்டியகாரன் சொல்லட்டும், நான் சொன்னால் பிரசங்கமாகிவிடும்.

செப்டெம்பர் 11
மின்சாரம் இல்லை. ஒத்திகையும் இல்லை.

செப்டெம்பர் 14
கூத்துப் பழக்கும் அண்ணாவியாருடன் வாக்குவாதம். "எதிரி இல்லாமல் என்ன கூத்து, பிள்ளை?" என்கிறார். அசுரனுக்கு முகமூடி மாட்டினால் சபை அவனைச் சபித்துவிட்டு நிம்மதியாக எழுந்து போய்விடும் என்றேன்.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் பற்றிச் சொன்னேன். 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய கப்பல் அது. சுமார் 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டுண்டன. பருப்பளவுதான் ஒவ்வொன்றும். பார்வைக்கு மீன்முட்டை. விழுங்கிய மீனுக்கு வயிறு நிறையும், உடலில் எதுவும் ஒட்டாது. ஆகவே எங்கள் கூத்தில் மீனுக்கு விருந்து வைக்கிறோம். எல்லோரும் அன்போடு பரிமாறுகிறார்கள். அது தின்னத் தின்ன மெலிகிறது.

அண்ணாவியார் முணுமுணுத்துக்கொண்டே காத்தவராயன் கூத்து மெட்டில் விருந்துப் பாட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டார். பாடத் தொடங்கினால் கால் தானாக ஆடுகிறது. அந்தக் காட்சிக்கு இவ்வளவு துள்ளலான பாட்டு அமைந்தது கொடுமைதான், அதனால்தான் வைத்திருக்கிறேன்.

செப்டெம்பர் 18
கரைவலைச் சம்மாட்டியார் (வலைக்குச் சொந்தக்காரர்) ஒருவர் ஒத்திகை பார்க்க வந்தார். அறுந்த தங்கூசி (நைலோன் இழை) வலையில் ஆமை சிக்கும் இடம் அவருக்குப் பிடிக்கவில்லை.

"வலையைக் கடலில் விடாதே என்று பாடுகிறீர்கள், ரீச்சர். பழைய வலையை எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அதையும் அந்த மீனிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

வீட்டுக் குப்பைக்காவது வண்டி வருகிறது. கிழிந்த வலைக்கு யார் வருகிறார்கள்? அவர் சொன்னதை ஒரு சொல் மாற்றாமல் கட்டியகாரன் வாயில் வைத்துவிட்டேன். பிரதேச சபைத் தவிசாளருக்கு முதல் வரிசையில் கதிரை போட வேண்டும்.