விடுபட்ட ஒரு கட்டம்

தடுப்பு மருந்து போட்ட கோழிகளின் இரத்தச் சீரத்தில் எதிர்ப்பொருள் அளவு குறைந்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது குளிர்சாதனப் பெட்டியைத்தான். மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருந்ததா? அடுத்து, குடிநீரில் கலந்து கொடுத்திருந்தால் குளோரின். அதற்கும் அடுத்தது, முட்டையின் மஞ்சள் கரு வழியாகத் தாய்க்கோழி கொடுத்தனுப்பிய எதிர்ப்பொருள். அது உயிருள்ள தடுப்பு மருந்தைப் பெருகவிடாமல் அமுக்கிவிடும். பல ஆண்டுகள் இந்த மூன்றோடு என் விசாரணை முடிந்துவிடும்.

ஒரு பண்ணையில் இந்த மூன்றும் கைகொடுக்கவில்லை. இரண்டு கொட்டகைகள். ஒரே நாளில் பொரித்த குஞ்சுகள், ஒரே பெட்டி மருந்து. வெள்ளைக்கழிச்சல் என்ற வைரஸ் நோய்க்கான கண் சொட்டு மருந்தை விட்டவரும் ஒருவரே. ஒரு கொட்டகையில் டைட்டர், அதாவது எதிர்ப்பொருள் அளவு, நன்றாக ஏறியிருந்தது, மற்றதில் படுத்துக் கிடந்தது.

"முதல் வாரம் கழிச்சல் மாதிரி தெரிந்தது, டாக்டர். இந்தக் கொட்டகைக்கு மட்டும் தண்ணீரில் ஆன்டிபயாடிக் கலந்தோம்," என்றார் மேற்பார்வையாளர். பதிவேட்டிலும் அது இருந்தது. நான்தான் பார்க்கவில்லை.

படித்த பாடம் அப்போதுதான் உறைத்தது. எதிர்ப்பொருளை உருவாக்கும் பி செல்கள் கோழியில் வளர்வது கழிவாய்க்கு மேல் ஒட்டியிருக்கும் பர்சா என்ற சிறு பையில். எதிர்ப்பொருளுக்கு அது அவசியம் என்று 1956-இல் பர்சாவை நீக்கிய கோழிகள் காட்டின. அந்தப் பையின் வாய் குடலின் கடைசிப் பகுதியில் திறக்கிறது. பாக்டீரியாக்கள் அதன் வழியே உள்ளே போகின்றன. அந்த வழியைக் கட்டி அடைத்தால் பையின் வளர்ச்சி குன்றுகிறது. 2014-இல் எலிகளில் நடந்த ஆய்வு ஒன்றும் இதே திசையைக் காட்டியது: ஆன்டிபயாடிக் கொடுத்த எலிகள் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசிக்குச் சோம்பலாகவே பதில் சொல்லின.

குஞ்சுப் பொரிப்பகத்தில் பிறக்கும் குஞ்சு தாயைப் பார்ப்பதே இல்லை. தாயின் எச்சத்தைக் கிளறிக் கொத்தி அதன் குடல் பாக்டீரியாவைப் பெறும் வாய்ப்பும் இல்லை. பின்லாந்தில் 1973-இல் வளர்ந்த கோழியின் குடல் சரக்கைக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது அவை சால்மோனெல்லா என்ற நோய் பாக்டீரியாவை எதிர்த்து நின்றன. அருவருப்பான வைத்தியம்தான், ஆனால் எனக்குப் பிடித்த ஆய்வு அது.

இதைச் சொன்னதும் நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் பொடி விற்பவர்கள் உற்சாகமாகிவிடுவார்கள். எல்லாப் பொடியும் டைட்டரை ஏற்றும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் கொட்டகையிலும் ஆன்டிபயாடிக்தான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. கழிச்சல் கண்ட குஞ்சுகளே நலிந்துதான் இருந்திருக்கும்.

சீரம் மாதிரியோடு வரும் படிவத்தில் ஒரு கட்டம் சேர்த்தேன்: 'முதல் 10 நாளில் கொடுத்த மருந்துகள்'. பாதிப் படிவங்களில் அது இன்னும் காலியாகவே வருகிறது. இப்போது நான் தொலைபேசியில் கேட்டு நிரப்புகிறேன்.