வாழப்பழம், பஸ் டைம், தாழக்கோழி

போன வாரம் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க கேட்டைத் தொறந்து உள்ள வந்தாங்க, சாயாகூட வேண்டாம்னுட்டு நேரா விஷயத்துக்கு வந்துட்டாங்க. "தம்பி, எனக்க பயலுக்கு வாயைத் தொறந்தா வாழப்பழம்தான், வேற பேச்சே கெடையாது. தெரபிக்கு போற எடத்துல அதைக் கொறைக்கணும்னு சொல்லுகாங்க. நீயும் அப்படித்தானே, நீ சொல்லு, நான் என்ன செய்யட்டும்?"

நீயும் அப்படித்தானேன்னு அவங்க சொன்னதுல எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. எனக்கு ஆட்டிசம்னு தெரிஞ்சதே 31 வயசுலதான், தெருவுல யாருகிட்டயும் நான் சொன்னது இல்ல, எங்க அம்மைதான் ரேஷன் கடை கியூவுல நின்னு சொல்லியிருக்கணும். அது போகட்டும். அந்த அக்காவுக்கு அன்னைக்கு என்னால ஒழுங்கா பதில் சொல்ல முடியல, எனக்கு வார்த்தை எப்பவும் ஆளு போனதுக்கு அப்புறம்தான் வரும், அதான் எழுதுறேன்.

ஏழாங்கிளாஸ் படிக்கும்போது எனக்கு பஸ் பைத்தியம். டிரைவர் ஆகணும்னு ஆசைன்னு வீட்டுல நெனச்சாங்க, அது இல்ல. எனக்கு வேண்டியது டைம். ஸ்கூல் விட்டதும் அண்ணா பஸ் ஸ்டாண்டுல ஓரமா நின்னு எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுக்கான், எந்த வழி போறான்னு நாப்பது பக்க நோட்டுல எழுதுவேன். நாகர்கோவில்ல இருந்து குளச்சலுக்கு ரெண்டு வழி இருக்குல்லா, திங்கள்சந்தை வழி ஒண்ணு, ராஜாக்கமங்கலம் மணவாளக்குறிச்சி வழி கடலோரமா ஒண்ணு, போர்டுல ரெண்டுக்கும் குளச்சல்னுதான் பெருசா போட்டிருப்பான், வழியைப் பாக்காம ஏறிட்டு பாதியில கண்டக்டர்கூட மல்லுக்கு நிக்கிற ஆளுங்கள எத்தனையோ பாத்திருக்கேன். என் நோட்டுல ஒண்ணு நீலம், இன்னொண்ணு செவப்பு. கிளாஸ்ல எனக்கு மிண்டாப்பூச்சன்னு பேரு, யாருகூடயும் பேச மாட்டேன், விளையாட்டுல டீம் பிரிச்சா கடைசி ஆளு நான்தான். நோட்டைத் தொறந்தா மட்டும் எல்லாம் அதது எடத்துல இருக்கும்.

அந்தச் சமயத்துல ஒரு கல்யாண வீடு. சொந்தக்காரர் ஒருத்தர் பந்தி முடிஞ்சு வெத்தலை போட்டுக்கிட்டு உக்காந்திருந்த ஆளுங்க நடுவுல என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, "லேய் மக்கா, சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல தக்கலைக்கு எத்தனை வண்டி, சொல்லு பாப்போம்"னாரு. சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க, ஒருத்தர் கை தட்டினாரு, அடுத்த ஆளு மார்த்தாண்டம் கேட்டாரு, அதையும் சொன்னேன். அம்மைக்கு மொகம் எல்லாம் பூரிப்பு. எனக்கு மட்டும் அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கல, காரணம் அப்போ புரியல. இப்போ புரியுது, அங்க இருந்த ஒருத்தருக்கும் தக்கலைக்குப் போற ஜோலி கெடையாது.

அதே மாசம் பெரியம்மைக்கு மணவாளக்குறிச்சியில ஒரு துட்டி வீட்டுக்கு போகணும். அடுக்களையில நின்னுக்கிட்டே, "எனக்க மக்ளே, உச்சைக்கு மேல எந்த வண்டியில ஏறணும்"னு கேட்டாங்க. ஒண்ணரை வண்டியில ஏறிராதீங்க, அது திங்கள்சந்தை வழி, ஒண்ணு அம்பதுக்கு ஒண்ணு வரும் அதுல ஏறுங்கன்னு சொன்னேன். சாயங்காலம் திரும்பி வந்து முந்தானையில முடிஞ்ச காசை எடுத்துக்கிட்டே, "நீ சொன்ன வண்டிதான், சொன்ன டைமுக்கே எடுத்தான்"னாங்க. அவ்வளவுதான் சொன்னாங்க, பாராட்டெல்லாம் இல்ல. அன்னைக்கு ரெண்டு தட்டு சோறு தின்னேன்.

தன்னம்பிக்கை, ஆட்டிசம், ஹாபின்னு யாராவது பேச ஆரம்பிச்சா எனக்கு இந்த ரெண்டு நாளுதான் ஞாபகத்துக்கு வரும். ஒரே பய, ஒரே நோட்டு, ஒரே அறிவு. காட்சிப்பொருளா நிறுத்தி வச்சு கேட்டது ஒண்ணு, தேவைப்பட்டு கேட்டது இன்னொண்ணு.

பத்தாங்கிளாஸ்ல கணக்குல மார்க் கொறஞ்சதும் அப்பா மூணு நோட்டையும் வெந்நி அடுப்புல வச்சுட்டாரு. இப்போ கோவம் இல்ல, சவத்த விடு. மார்க் மட்டும் கூடல. அதுக்கப்புறம் பல வருசம் நான் எது மேலயும் ஆசை வைக்கல, வச்சா புடுங்கிருவாங்கன்னு ஒரு பயம். மத்தவங்க கிரிக்கெட், சினிமான்னு பேசுறதை மனப்பாடம் பண்ணி அதே மாதிரி பேசுவேன், ஆபீஸ் முடிஞ்சு வந்து லைட்டை அணைச்சுட்டு தரையில படுத்துருவேன், அதுக்கு மாஸ்கிங்னு ஒரு பேரு இருக்குன்னு ரொம்ப பிந்தித்தான் தெரிஞ்சது.

அமெரிக்க மனநல டாக்டர்கள் சங்கத்தோட டிஎஸ்எம்-5ன்னு ஒரு கையேடு, 2013ல வந்தது, அதுல ஆட்டிசத்துக்கான அடையாளங்கள்ல ஒண்ணா 'குறுகிப்போன, அளவு மீறின ஈடுபாடு'ன்னு இருக்கு. எனக்க ரிப்போர்ட்டுலயும் அதுக்கு நேரா டிக். மொதல்ல வந்த எண்ணம் இதுதான், அடப்பாவிகளா, எனக்குள்ள ஒழுங்கா ஓடுன ஒரே மெஷினைப் போய் கோளாறு லிஸ்ட்ல போட்டிருக்கீங்களே! அப்புறம் தேடித் தேடி படிச்சதுல மோனோட்ரோபிசம்னு ஒண்ணு கெடச்சது. டைனா மர்ரே, மைக் லெஸ்ஸர், வென் லாசன்னு மூணு பேரு 2005ல எழுதுன கட்டுரை, இதுல லாசன் அவரே ஆட்டிசம் உள்ளவரு. நான் புரிஞ்சுக்கிட்டதை நம்ம ஊரு பாஷையில சொன்னா, கவனம்ங்கிறது எல்லாருக்கும் அளவான தண்ணிதான், மத்தவங்களுக்கு அது பத்து வாய்க்கால்ல பிரிஞ்சு ஓடுது, எங்களுக்கு ஒண்ணு ரெண்டு வாய்க்கால்லயே மொத்தமும் பாயுது. அந்த மடையை அடைச்சா தண்ணி பக்கத்து வயலுக்கு போயிரும்னு நெனைக்காங்க, போகாது, கரைதான் உடையும்.

ரிப்போர்ட் வந்த பெறவு கொஞ்ச நாளு ஆபீஸ் விட்டு நேரா வீட்டுக்கு போக மனசில்லாம தேரூர் குளத்துக்கரையில வண்டியை நிறுத்திட்டு சும்மா நிப்பேன். ஒரு நாளு தாமரை இலை மேல ஒரு பறவை நடந்து போச்சு, இலை தாழவே இல்ல. என்ன பறவைன்னு தேடுனேன், நீளவால் இலைக்கோழி. அதுல பொட்டை முட்டை போட்டுட்டு அடுத்த சேவலைத் தேடிப் போயிருமாம், அடைகாத்து குஞ்சு வளக்குறது எல்லாம் சேவல் வேலை. இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூங்கல, பதினஞ்சு வருசத்துக்கு அப்புறம் அந்தப் பழைய பஸ் ஸ்டாண்டு சந்தோசம் திரும்ப வந்துட்டு.

இப்போ ஞாயித்துக்கிழமை வெள்ளனே அங்கதான். சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கு 2022ல ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற பேரு, கெடச்சது நம்ம ஊருல பாதி பேருக்குத் தெரியாது. கூழைக்கடா, சங்குவளை நாரை, நீலத் தாழைக்கோழி, பனிக்காலம் வந்தா நீலச்சிறகி வாத்து, ஊசிவால் வாத்து. பாத்த பறவையைப் பதிவு பண்ண இபேர்ட்னு ஒரு ஆப் இருக்கு, எத்தனை மணிக்கு ஆரம்பிச்சோம், எவ்வளவு நேரம் நின்னோம், எவ்வளவு தூரம் நடந்தோம், எந்தப் பறவை எத்தனை, எல்லாத்துக்கும் கட்டம் கட்டி வச்சிருக்கான். எனக்க நாப்பது பக்க நோட்டை யாரோ போன்ல செஞ்சு குடுத்த மாதிரி இருந்தது.

தமிழ்நாட்டுல 2015ல இருந்து பொங்கல் சமயத்துல பறவை கணக்கெடுப்பு நடக்குது, எங்கயாவது பதினஞ்சு நிமிசமாவது நின்னு எண்ணி அந்த ஆப்ல ஏத்தணும். மொத தடவை அதுக்குப் போனப்போ கூட்டத்துல என்னத்தப் பேசன்னு வயித்தைக் கலக்கிச்சு. ஆனா அங்க யாரும் யாரு மொகத்தையும் பாக்கல, எல்லார் கண்ணும் தண்ணி மேலதான். கண்ணைப் பாத்து பேசுன்னு சின்ன வயசுல இருந்து திட்டு வாங்குன எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலைன்னு சொன்னாப் புரியுமான்னு தெரியல. ஒரு காலேஜ் பையன் பைனாக்குலரை நீட்டி, "அண்ணே இது நீலச்சிறகிதானா, எனக்கு டவுட்டா இருக்கு"ன்னான். பெரியம்மை கேட்ட அதே மாதிரி கேள்வி.

தப்பும் விட்டிருக்கேன். ஜூன் மாசத்துல நீலச்சிறகின்னு ஏத்திட்டேன், அது பனிக்கால விருந்தாளி, ஜூன்ல இங்க எப்படி இருக்கும், சரிபாக்குற ஆளுகிட்ட இருந்து மெயில் வந்துட்டு, போட்டோ இருக்கா, என்ன அடையாளம் பாத்தீங்கன்னு. தூரத்துல நின்ன சீழ்க்கைச்சிறகின்னு வேற ஒரு வாத்தை மாத்தி எழுதியிருக்கேன். திருத்துனேன், நன்றின்னு பதில் வந்தது, முடிஞ்சது. தப்புன்னா அவமானம்னு மட்டும் தெரிஞ்சு வளந்த எனக்கு, தப்புன்னா ஒரு கட்டத்துல எழுத்தை மாத்துறதுதான்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது, இது பறவை பேரு தெரியுறதைவிட எனக்கு பெருசு.

சரி, அந்தப் பயலுக்கு வருவோம். 11 வயசு. மட்டி, செம்மட்டி, ஏத்தன், செந்துளுவன், ரசகதலி, பாளையங்கோடன், சிங்கன், பேயன்னு மூச்சு விடாம சொல்லுவான். மட்டிக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சது, கைக்கொழந்தைக்கு இங்க மொதல்ல குடுக்குற பழம் அதுதான், இதெல்லாம் எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். மட்டி ஏஏ, ஏத்தன் ஏஏபின்னு ஏதோ ரத்த குரூப் மாதிரி வேற சொல்லுகான், அது மரபணு வகையாம். தெரபியில உக்காந்தா வாழப்பழம் பத்தி அஞ்சு நிமிசம் பேசலாம், இல்லன்னா இல்லன்னு வச்சிருக்காங்களாம். அக்கா, எனக்கு இது பிடிக்கல. சோறு போடுறதுக்கு கூலி கேக்குற மாதிரி இருக்கு. அவன் தூங்காம படிச்சா தூங்க வைங்க, சாப்பிட மறந்தா கூப்பிடுங்க, நானே அப்படி மறக்குற ஆளுதான். ஆனா அதைப் புடுங்கி வச்சு வேலை வாங்காதீங்க. சொந்தக்காரங்க வந்தா வரிசையா பழம் பேரு சொல்லுன்னும் நிறுத்தாதீங்க. அமெரிக்காவுல டெம்பிள் கிராண்டின்னு ஒரு அம்மா ஆட்டிசம் உள்ளவங்க, பண்ணையில மாடுகளைக் கையாளுற அமைப்புகளை வடிவமைச்சு பேரு வாங்குனாங்க, உண்மைதான், அதுக்காக பய நாளைக்கு திருச்சி வாழை ஆராய்ச்சி மையத்துல விஞ்ஞானி ஆவான்னு இன்னைக்கே கணக்குப் போட்டா அந்தப் பாரத்தையும் அவன்தான் சொமக்கணும். சந்தைக்கு போறப்போ கூட்டிட்டுப் போயி, நாளைக்கு பழுக்கிற மாதிரி ஏத்தன் எதுன்னு கேளுங்க. உங்களுக்கு உண்மையிலயே வேணும்னா மட்டும் கேளுங்க, பொய்க்கு கேட்டா அவனுக்குத் தெரிஞ்சுரும்.

நேத்து ஞாயித்துக்கிழமை அவனைத் தேரூருக்குக் கூட்டிட்டுப் போனேன். பறவை பிடிக்கும்னு நெனச்சேன், எனக்க புத்தியைப் பாருங்க. பைனாக்குலரைக் குடுத்தேன், ஒரு நிமிசம் குளத்தைப் பாத்தான், அப்புறம் அப்படியே திருப்பி அக்கரையில இருந்த வாழைத் தோட்டத்தைப் பாக்க ஆரம்பிச்சுட்டான். நான் வெறுங்கண்ணுல நாரையை எண்ணிக்கிட்டு நின்னேன். ஒரு முக்கா மணி நேரம் ரெண்டு பேரும் ஒண்ணும் மிண்டல.

வண்டியில ஏறும்போது நானா கேட்டேன், அது என்ன வாழை, பத்து வருசமா பாக்கேன், எனக்குத் தெரியாதுன்னு.

"ஏத்தன். ஓரத்துல நாலு மூடு பாளையங்கோடன். காத்துக்கு முட்டு குடுக்கல, சாஞ்சிரும்."